இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஒரு பாஸ்புக்: சுமார் 1,500 ரூபாயில் நீங்களே செய்யலாம்

பேங்க் பேலன்ஸை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறீங்க. 15,000 ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்கின இன்வெர்ட்டர் பேட்டரியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்போ பார்த்தீங்க? "கரண்ட் போனா ஃபேன் ஓடுது, அது போதும்" என்பதுதான் நம்மில் பலரோட பதில். அந்தப் பதிலுக்குத்தான் ஒவ்வொரு மூணு வருஷத்துக்கும் ஒரு புது பேட்டரி விலை கொடுக்கிறோம்.

மரக்காணம் முதல் ஆரோவில் வரை, ஈசிஆர் ஓரமா வீடு எடுத்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், ரெண்டுமே இந்தக் கரையைத்தான் பதம் பார்த்தன. அந்த மாதிரி நாளில் பேட்டரியில் இருக்கிறதுதான் கையிருப்பு. ஆரோவில்லுக்கு சோலாரும் பேட்டரியும் புதுசு இல்ல. மாத்ரி மந்திருக்கு 1990-களிலேயே 36.3 கிலோவாட் சோலார் அமைப்பு வந்துவிட்டது. வெளிநாட்டில் காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் பலர், தங்கள் பேட்டரிக்கு மானிட்டரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதே மானிட்டர் நம்ம வீட்டு இன்வெர்ட்டருக்கும் பொருந்தும்.

வோல்ட் பார்த்தா போதாதா?

போதாது. லோடு ஓடும்போது வோல்ட் இறங்கும், சார்ஜ் ஏறும்போது உயரும். சம்பளம் விழுந்த அன்னிக்கு பேலன்ஸைப் பார்த்துட்டு "நான் பணக்காரன்"னு நினைக்கிற மாதிரிதான் இது. இஎம்ஐ போன பிறகுதானே உண்மை தெரியும்! லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால்தான் வோல்ட் ஓரளவு உண்மை சொல்லும்: சுமார் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

இன்வெர்ட்டர் தானா கட் ஆகிறது சுமார் 10.5 வோல்ட்டில். அப்போ பேட்டரி கிட்டத்தட்ட காலி. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி அதுவரை இறக்கினாலோ, காலியாகவே போட்டுவைத்தாலோ, தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஆயுள் அங்கேதான் குறையுது. அதனால "பாதிக்குக் கீழே போகாதே" என்பது நல்ல விதி. பாதி எதுன்னு தெரிய, உள்ளே வந்த ஆம்பியர், வெளியே போன ஆம்பியர் ரெண்டையும் எண்ணணும். அதாவது, பாஸ்புக் வேணும்.

என்னென்ன வாங்கணும்?

• 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்ட்
• ஐஎன்ஏ 226 சென்சார் போர்டு
• இஎஸ்பி 32 போர்டு
• சின்ன ஓஎல்இடி டிஸ்ப்ளே
• 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பக் கன்வெர்ட்டர்
• ஃபியூஸ், ஒயர், பிளாஸ்டிக் பெட்டி

எல்லாம் சேர்த்து, கடையைப் பொறுத்து, சுமார் 1,500 ரூபாய்.

ஷண்ட் என்பது மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள உலோகத் துண்டு. அதன் வழியா 100 ஆம்பியர் போனால் 75 மில்லிவோல்ட் வரும். சென்சார் அந்தச் சின்ன வோல்ட்டை அளக்கும். இஎஸ்பி 32 அதை நொடிக்கு நொடி கூட்டிக் கழிக்கும்.

மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, ஷண்ட்டை பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் போடணும். வேற எந்த ஒயரும் நேரா நெகட்டிவ் முனைக்குப் போகக் கூடாது, போனால் அது கணக்கில் வராத செலவு. ரெண்டு, சென்சார் போர்டிலேயே இருக்கிற குட்டி ரெசிஸ்டரை எடுத்துடணும். மூணு, ஏறின ஆம்பியர் முழுசா திரும்பக் கிடைக்காது. 85 சதவீதம்னு கணக்கு வைங்க. பேட்டரி முழுசா சார்ஜ் ஆகி, உள்ளே போகிற கரண்ட் 3 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் மீட்டரை 100-க்கு மாத்துங்க. மாசம் ஒருமுறை பாஸ்புக்கைச் சரிபார்க்கிற மாதிரி.

இப்போ பணக் கணக்கு

16,000 ரூபாய் பேட்டரி 3 வருஷம் உழைச்சா, வருஷத்துக்கு 5,333 ரூபாய். 5 வருஷம் உழைச்சா 3,200. வித்தியாசம் வருஷத்துக்கு 2,133 ரூபாய். மானிட்டர் செலவு முதல் வருஷத்திலேயே திரும்பிடும்.

பெரிய லாபம் வேற இடத்தில் இருக்கு. ரெண்டு சாதா ஃபேன் 150 வாட், நாலு எல்இடி 36, ரூட்டர் 10, லேப்டாப் 60. மொத்தம் 256 வாட். இன்வெர்ட்டரில் 20 சதவீதம் வீணாகும்னு வெச்சா, பேட்டரியிலிருந்து சுமார் 27 ஆம்பியர் போகும். 150 ஏஎச் பேட்டரியில் பாதி 75 ஏஎச். 3 மணி நேரம்கூட வராது. "இன்னொரு பேட்டரி வாங்கணும் போல"ன்னு தோணும். ஆனா அதே ரெண்டு ஃபேனும் 30 வாட் பிஎல்டிசி ஆனால், 17 ஆம்பியர்தான். 4 மணி நேரத்துக்கு மேல ஓடும். கரண்ட் பில்லும் குறையும். எதில் பணம் போடணும்னு மீட்டர்தான் காட்டிக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆம்பியர் கூடக் கூட பேட்டரி தரும் மொத்த ஏஎச் குறையும். இதை 1897-லேயே பியூக்கர்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சொல்லிட்டார். அதனால மேலே சொன்ன மணிக்கணக்கை அதிகபட்சமா எடுத்துக்கோங்க.

கை வைக்கும் முன்

12 வோல்ட் ஷாக் அடிக்காதுன்னு அலட்சியம் வேண்டாம். ஸ்பேனர் ரெண்டு முனையிலும் பட்டா நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்க. இன்வெர்ட்டரைத் திறக்கவே வேண்டாம். சந்தேகம்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அந்தக் கூலி வீண் இல்ல.

உப்பளக் காத்து அடிக்கிற ஊரில் டெர்மினல் சீக்கிரம் பூத்துப்போகும். துடைச்சு வாசலின் தடவுங்க, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்க. மானிட்டர் செய்யாதவங்களும் இதை இந்த ஞாயித்துக்கிழமையே செய்யலாம். செலவு 100 ரூபாய்க்குள்ளதான்.