கேமரன் மலை ஆற்று நீரும் உங்கள் உடல்நலமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த உங்களில் பலர், ஓடையில் குழாய் போட்டு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த காலத்தை அறிவீர்கள். மேலே காடு இருந்தவரை அது பெரும்பாலும் தெளிவாகவே வந்தது. இன்று பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கமிருந்து ரிங்லெட் ஏரிக்கு இறங்கும் பெர்த்தாம் ஆற்றைக் கனமழைக்குப் பிறகு பாருங்கள். தே தாரேக் நிறத்தில் ஓடும்.

இம்மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மரங்கள் மழையின் வேகத்தைத் தாங்கும். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தேயிலையும் காட்டை வெட்டி நட்டதுதான். ஆனாலும் வளர்ந்த தேயிலைச் செடி மண்ணை மூடி நிற்கும். காய்கறிப் பாத்தியோ ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் வெறும் மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் கூரைகளில் விழும் மழை நிலத்தில் ஊறாமல் அப்படியே ஆற்றுக்குப் பாய்கிறது.

அந்தச் சேறு, மின்சாரத்திற்காக 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் பின்னால் படிகிறது. ஏரியில் சேறு நிறைந்தால் வெள்ளத்திற்கு இடமில்லை. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறக்கப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. அங்கு அபாயச் சங்கு ஒலித்தால் பொருள்களை எடுக்க நிற்காமல் உடனே மேட்டுப்பகுதிக்குச் செல்லுங்கள்.

தெளிந்த ஓடை நீரையும் நம்ப வேண்டாம். கழிவுநீர், கோழி எரு, பூச்சிமருந்து எல்லாம் அதில் கலந்திருக்கலாம். இவை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், ஆனால் பூச்சிமருந்து நீங்காது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரையே பயன்படுத்துங்கள்.

வெள்ளநீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள சிறு புண் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் நுழையும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் புண் இருப்பதே சில நேரம் தெரியாது. வீட்டில் புகுந்த சேற்றைக் கழுவும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நீங்களே செய்வதானால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். வெள்ளநீரில் அல்லது சேற்றில் நின்றதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.