டென்னிஸ் அரங்கில் அமர்பவர்கள் யார்? டிக்கெட் விலை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை

வரதய்யபாளையம்: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்துள்ளது வரதய்யபாளையம். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இதன் அண்டைப் பகுதி. ஏடிபி, டபிள்யூடிஏ தொடர்களை நடத்தியுள்ள அரங்குகளில் இவ்வூருக்கு மிக அருகில் இருப்பது சென்னை நுங்கம்பாக்கம் அரங்கம். தடாவில் புறநகர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் மற்றொரு ரயிலைப் பிடிக்க வேண்டும். ஷிப்ட் முறையில் பணிபுரியும் தொழிலாளிக்கு டிக்கெட்டைவிட ஒரு நாள் ஊதிய இழப்பே பெரிய செலவாகலாம்.

ஒரு வாரத் தொடரின் ஆரம்பச் சுற்றுகள் பெரும்பாலும் வேலைநாள்களில் நடைபெறுகின்றன. அப்போது அரங்கிற்கு வர இயல்பவர்கள் மாணவர்கள், ஓய்வுபெற்றோர், சொந்தத் தொழில் செய்வோர், நிறுவனங்களின் அழைப்பில் வரும் விருந்தினர்கள் ஆகியோரே. பார்வையாளரின் வயதையும் வருமானத்தையும் அட்டவணையே ஓரளவு வடிகட்டிவிடுகிறது.

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆடவர் ஏடிபி தொடர் நடைபெற்றது. பின்னர் அது புனேவுக்கு மாற்றப்பட்டது. 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் மகளிருக்கான டபிள்யூடிஏ தொடர் நடத்தப்பட்டது. ஆடவர் தொடரின் பெயருடன் கோல்ட் ஃப்ளேக், டாடா, ஏர்செல் ஆகிய வணிகப் பெயர்கள் வெவ்வேறு காலங்களில் இணைந்திருந்தன. விம்பிள்டனில் 1978 முதல் ரோலெக்ஸ் கடிகார நிறுவனம் இடம்பெற்றுள்ளது. விளம்பரதாரர்கள் தேடுவது கூட்டத்தின் அளவை அல்ல, அதன் வாங்கும் திறனை.

விம்பிள்டனில் இந்த ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகவே தெரியும். 2026 முதல் 2030 வரையிலான சென்டர் கோர்ட் கடன்பத்திரம் ஒன்றின் விலை 1,16,000 பவுண்டு. அதாவது, ஒரு கோடி ரூபாய்க்கும் அதிகம். ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் இருக்கையை உறுதிசெய்யும் இத்தகைய கடன்பத்திரங்களுக்குரிய டிக்கெட்டுகளை மட்டுமே பிறருக்கு விற்க அனுமதி உண்டு. அதே வளாகத்திற்குள், இரவு முழுவதும் வரிசையில் காத்திருந்து அன்றாட டிக்கெட் வாங்கியவர்களும் நுழைகின்றனர்.

அமெரிக்க ஓபன் தகுதிச் சுற்று வாரத்தில் அனுமதி இலவசம். அந்த வாரத்தையும் சேர்த்து, 2024-இல் பார்வையாளர் எண்ணிக்கை 10 லட்சத்தைக் கடந்தது. எனினும் இத்தகைய எண்கள் வருகைகளையே குறிக்கின்றன. ஒருவரே மூன்று நாள்கள் வந்தால் மூன்று வருகைகள். எத்தனை பேர், எந்த வருமானப் பிரிவினர் என்பதை அவை கூறுவதில்லை.

கிரிக்கெட்டின் டி20 போல டென்னிஸ் ஆட்டத்திற்கு முடிவு நேரமும் இல்லை. இரவு ஆட்டம் நீண்டால், கடைசி ரயிலை நம்பி எல்லை தாண்டி வந்தவர் மூன்றாவது செட்டைப் பாராமலே எழுந்து செல்ல நேரும்.