மணலில் லென்ஸைக் கழற்றாதீர்கள்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் திருப்பதி பக்கத்துப் புத்தூர் ஸ்டூடியோக்காரர்கள் நடுச்சாமத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள். கல்யாண ஜோடிகளுக்கு இப்போது மலையும் கோயிலும் போதவில்லை, கடல் வேண்டும். கிழக்கே பழவேற்காடு இருக்கிறது. வடகிழக்கே தூபிலிபாளையம், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது வாகாடு மண்டலத்தோடு அந்தக் கடற்கரையும் அதில் சேர்ந்தது.

விடியலில் போவது நல்லதுதான். சூரியன் கடலில் எழும், காற்றும் அடங்கியிருக்கும். வெயில் ஏறி கடற்காற்று திரும்பிவிட்டால் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். கேமராவுக்கு ஆபத்து அப்போதுதான்.

கடல் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கண்ணாடி 6-ஐத் தாண்டாது. லென்ஸில் ஒட்டிய மணலைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து முதலில் ப்ளோயரால் ஊத வேண்டும், பிறகு மெல்லிய பிரஷ், துணி கடைசியில்தான். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

சூம் லென்ஸ் இன்னும் மோசம். திருகும்போது குழல் நீண்டு காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூளும் போகிறது. இரண்டு மூன்று ஷூட் முடிந்ததும் வளையத்தில் 'கறகற' என்று சத்தம் கேட்கத் தொடங்கும். மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். 'வெதர் சீலிங் உள்ள பாடிக்கு இந்தப் பயம் எதற்கு' என்பவர்களும் உண்டு. லென்ஸ் மாட்டியிருக்கும் வரைதான் அந்தக் காப்பு.

அதனால் ஒரே லென்ஸோடு போங்கள், முடிந்தால் இரண்டு பாடி கொண்டுபோங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி காற்றை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். கேமராமேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு லென்ஸ் ஹூடில் ரப்பர் பேண்ட் சுற்றினால் போதும், செலவே இல்லை. ட்ரைபாடின் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்படி கடைசிக் காலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் ட்ரைபாடை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ட்ரோனை வெறும் மணலிலிருந்து ஏற்றாதீர்கள். அதன் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, கரையிலுள்ள இரும்புக் கருமணல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என்னை உறுத்துவது வேறொன்று. மணல் தின்ற கேமராவை வெளியே பளபளவென்று துடைத்து செகண்ட்ஹேண்டில் தள்ளிவிடுகிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன் வட்டிக்குக் கடன் வாங்கி அதை எடுக்கிறான். முதல் முகூர்த்தத்திலேயே தாலி கட்டும் நேரத்தில் ஃபோகஸ் நின்றுவிட்டால், போன படத்தை யார் திருப்பித் தருவார்கள்? விற்கிறவர்கள், இது கடற்கரையில் புழங்கியது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதை மறைத்து விற்பது ஏமாற்று.

பழைய கேமரா வாங்கப் போகும் தம்பிகளே, சூம் வளையத்தைக் காதருகே வைத்து மெல்லத் திருகிப் பாருங்கள். எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கறகறப்போ கரும்புள்ளியோ தெரிந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.