மருத்துவர்களின் பணிச்சோர்வும் முழுக்கவனப் பயிற்சியும்: மருங்காபுரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவர்களின் பணிச்சோர்வைத் தணிக்க முழுக்கவனப் பயிற்சி இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அப்பயிற்சி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பணிநேர ஒழுங்கோடு இணையும்போதே அது நிலைத்த பயன் தரும் என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பணிச்சோர்வு, முழுக்கவனம், பொச்சாவாமை, பணிநேரம், ஊரக மருத்துவம்.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்பகுதியில் மருங்காபுரி வட்டாரம் அமைந்துள்ளது. வேளாண்மையைச் சார்ந்த இப்பகுதியில், துவரங்குறிச்சி வழியாகத் திருச்சி – மதுரை நெடுஞ்சாலை செல்கிறது. காய்ச்சல், பேறுகாலம், பாம்புக்கடி ஆகியவற்றோடு சாலை விபத்தையும் எதிர்கொள்ள வேண்டியது இத்தகைய ஊரக மருத்துவரின் பணி. சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நெறி. கடுமையான நோயாளிகள் மணப்பாறைக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகின்றனர். எனவே ஊரகத்தின் சுமை நகர மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் இளம் மருத்துவரையும் சென்றடைகிறது. இச்சுமைக்குத் தியானம் தீர்வாகுமா என்பதே இங்கு எழும் வினா.

பணிச்சோர்வு: சொல்லும் பொருளும்

பணிச்சோர்வு என்னும் கருத்தை 1974-இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எடுத்துரைத்தார். கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் அதற்கு அளவுகோல் வகுத்தனர். உணர்வு வறண்டுபோதல், நோயாளியை மனிதராகக் காணாது விலகிநிற்றல், தன் பணியால் பயனில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள்.

இதனை மனச்சோர்வு நோயோடு குழப்பிக்கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகக் குறிக்காமல் பணியிடம் சார்ந்த நிகழ்வாகவே குறிக்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்குமாயின், மருந்தை மருத்துவரின் மனத்தில் மட்டும் தேடுவது பொருந்தாது.

முழுக்கவனம்

மைண்ட்ஃபுல்னஸ் என்பதற்கு ‘நினைவாற்றல்’, ‘விழிப்புணர்வு’ என்னும் சொற்கள் வழங்கினும், முன்னது ஞாபகசக்தியையும் பின்னது பரப்புரையையும் நினைவூட்டுவதால் இக்கட்டுரை ‘முழுக்கவனம்’ என்பதைக் கையாள்கிறது. பௌத்தத்தின் எண்வகை நெறியுள் நற்கடைப்பிடி எனப்படுவது இதுவே. திருக்குறளின் பொச்சாவாமை அதிகாரம் மறதியால் நேரும் கேட்டைப் பேசுவதும் இதற்கு அணுக்கமானது.

சமயச் சார்பின்றி இதனை மருத்துவத்துக்குள் கொணர்ந்தவர் ஜான் கபட்-ஜின். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் அவர் தொடங்கிய திட்டம் எட்டு வாரங்கள் நிகழ்வது. மூச்சைக் கவனித்தல், உடலை உறுப்புறுப்பாக உணர்தல், மனம் அலைந்ததை அறிந்து பழித்துக்கொள்ளாமல் மீளுதல் என்பன இதன் அடிப்படைகள். முந்தைய நோயாளியின் இறப்பையே எண்ணிக்கொண்டு அடுத்த நோயாளியைக் காணும் மருத்துவருக்கு, இந்த மீளுதலே பயிற்சியின் உயிர்நாடி எனலாம்.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 70 முதனிலை மருத்துவர்களிடம் நிகழ்த்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சிக்குப்பின் பணிச்சோர்வு குறைந்தது; பரிவு கூடியது. எனினும் ஒப்பிட மறுகுழு இல்லாமை அதன் வரம்பு. தனிமனிதப் பயிற்சிகள், பணியிட மாற்றங்கள் ஆகிய இருவகை ஆய்வுகளையும் தொகுத்து ‘லான்செட்’ இதழில் 2016-இல் வெளிவந்த பகுப்பாய்வு, பணிச்சோர்வுற்றோர் 54 விழுக்காட்டிலிருந்து 44 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. 1,550 மருத்துவர்களை உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வோ, தனிமனிதருக்கான பயிற்சிகளைவிடப் பணியமைப்பில் செய்யும் மாற்றங்களே மிகுந்த பயன் தந்தன என்றது. பயிற்சி பயனற்றது என்பது இதன் பொருளன்று. தனித்து நின்றால் போதாது என்பதே பொருள்.

பணிநேரமும் பயிற்சியும்

எட்டு வாரத் திட்டம் நாள்தோறும் ஏறத்தாழ 45 நிமிட வீட்டுப்பயிற்சியை எதிர்பார்க்கிறது. இருபத்துநான்கு மணிநேரப் பணி முடித்தவருக்கு முதலில் வேண்டுவது உறக்கம். உறைவிட மருத்துவர்க்கு வாரம் 48 மணிநேரம் என்னும் வரையறையை மைய அரசு 1992-லேயே வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணிநேரம். அதனுடன் வார விடுப்பும் நாளொன்றுக்கு 7 முதல் 8 மணிநேர உறக்கமும் வலியுறுத்தப்பட்டன. இவ்வேறுபாடு, ஏட்டிலுள்ள நெறிக்கும் நடப்புக்கும் இடையிலான தொலைவை உணர்த்துகிறது.

ஆகவே ஊரக மருத்துவமனைகளுக்குச் சிறு பயிற்சிகளே ஏற்றவை. ஒரு நோயாளியைப் பார்த்தபின் கைகழுவும் அரை நிமிடத்தில் நீரின் தண்மையையும் மூச்சையும் கவனித்தல், அடுத்தவரை அழைக்குமுன் மூன்று மூச்சு அமைதல், பணி மாறும்போது அன்றைய துயரை உடன்பணியாளரிடம் சில நிமிடம் பகிர்தல் ஆகியன அத்தகையவை. இவை பணிநேரத்துக்குள்ளேயே அமைதல் வேண்டும். ஓய்வைப் பறித்து நடத்தப்படும் பயிற்சி மற்றொரு சுமையாகிவிடும்.

முடிவுரை

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுக்கிறது. மருத்துவர் நான்கில் ஒருவரே. மற்ற மூன்றின் குறையையும் தன் மனவலிமையால் ஈடுசெய்யுமாறு அவரிடம் கோருதல் முறையன்று. இரண்டாம் மருத்துவர் வேண்டிய இடத்தில் தியான வகுப்பை மட்டும் வழங்குவது பணிச்சோர்வை மருத்துவரின் தனிக்குறையாக மாற்றிவிடும். போதிய ஆளும் உறக்கமும் உறுதியாகுமிடத்து, முழுக்கவனம் நோயாளியின் முகத்தை மருத்துவர் மீண்டும் காண உதவும். மருங்காபுரி போன்ற வட்டாரங்களில் இவ்விரண்டையும் இணைத்தே மேலாய்வுகள் நிகழ்தல் வேண்டும்.