கரம் ஆட்டம்: வீட்டு விதியும் போட்டி விதியும்

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் பிள்ளைகள் ஓடியாட இடமில்லை என்பது பெற்றோரின் நீண்டகாலக் குறையாகும். ஆயினும், ஓர் அறையின் மூலை மட்டுமே தேவைப்படும் விளையாட்டொன்று பல வீடுகளில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதுவே கரம். விடுமுறை நாட்களில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே பலகையைச் சுற்றி அமர்வதை நாம் காண்கின்றோம். அங்கு வாக்குவாதம் மூள்வதையும் காண்கின்றோம். ஆட்ட விதி வீட்டுக்கு வீடு வேறுபடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

எமது வீடுகளில் கறுப்புக்கு இத்தனை, வெள்ளைக்கு இத்தனை, சிவப்புக்கு இத்தனை எனப் புள்ளி வைத்து, எந்தக் காயையும் எவரும் போடலாம் என்று ஆடுவோர் பலர். பொழுதுபோக்கிற்கு அது போதும். ஆனால், போட்டி மேடையில் அவ்விதி செல்லாது. 1988 ஆம் ஆண்டு சென்னையில் தோற்றுவிக்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளே அங்கு பின்பற்றப்படுகின்றன.

அவ்விதிகளின்படி ஒருவருக்கு 9 வெள்ளைக் காய்கள். மற்றவருக்கு 9 கறுப்புக் காய்கள். சிவப்புக் காயான ராணி நடுவில் இருக்கும். வெள்ளைக்குரியவரே முதலில் அடிப்பார். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது. அதனை இரு அடிக்கோடுகளையும் தொடுமாறு வைத்து, விரலால் சுண்ட வேண்டுமேயன்றித் தள்ளலாகாது. இருக்கையை நகர்த்துவதும் எழுந்து அடிப்பதும் தவறு. இருவர் இருவராக ஆடும்போது எதிரெதிரே அமரும் கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் சைகை காட்டலாகாது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், போட்ட காய்களில் ஒன்றைத் தண்டமாகப் பலகையில் மீள வைக்க வேண்டும்.

சச்சரவுக்கு அதிகம் இடமளிப்பது ராணியே. தனது காய்களில் ஒன்றையேனும் போட்ட பின்னரே ராணியைப் போடும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கின்றது. ராணியைப் போட்டவர் அதனை உறுதிப்படுத்த அடுத்த அடியிலேயே தனது காயொன்றையும் போட வேண்டும். தவறினால் ராணி நடுவுக்குத் திரும்பும். ராணி பலகையில் இருக்கத் தனது கடைசிக் காயைப் போட்டவர் அச்சுற்றை இழப்பார்.

தனது காய்களை முதலில் முடித்தவர், எதிராளியின் எஞ்சிய காயொன்றுக்கு 1 புள்ளி வீதம் பெறுவார். ராணியும் அவருடையதாயின் மேலும் 3 புள்ளிகள். எனினும், 21 புள்ளிகளைக் கடந்தவருக்கு ராணியின் புள்ளிகள் சேரா. 25 புள்ளிகளை முதலில் எட்டியவர், அல்லது 8 சுற்றுகளின் முடிவில் முன்னணியில் உள்ளவர் வெற்றியாளர் ஆவார்.

இவை வெறும் நுணுக்கங்கள் அல்ல. 2012 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற உலக சம்பியன் போட்டியில் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் எமது நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ. 2024 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ஆட்டோ சாரதி ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். கரம் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று கூறி மகளை எழுப்பிவிடும் பெற்றோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். வசதியும் மைதானமும் இல்லாத வீட்டிலிருந்தும் உலக அரங்கை எட்டலாம் என்பதற்கு அப்பெண்ணே சான்று. ஆனால், வீட்டு விதியை மட்டும் அறிந்து போட்டிக்குச் செல்லும் பிள்ளை, திறமை இருந்தும் தண்டத்திலேயே தோற்றுப்போகும்.

சில இடங்களில் பணம் வைத்துக் கரம் ஆடும் வழக்கமும் உண்டு. எமது எந்தச் சமயமும் சூதை ஏற்கவில்லை. பந்தயம் நுழைந்த பலகையில் பிள்ளைகளை அமர்த்த நல்ல பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஆளுக்கொரு பலகையை ஒதுக்கி, இவ்விதிகளைத் தமிழில் எழுதி அருகே ஒட்டி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை. வரும் விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம். ஆட்டத்திற்கு முன் அனைவரும் விதியை ஒருமுறை வாசித்துவிட்டு அமர்ந்தால், பிள்ளைகளின் நேரம் சண்டையில் அன்றி விளையாட்டிலேயே கழியும்.