தோற்றவருக்கு ஒரு நாற்காலி!

நாலே நாலு ஓட்டில் தோற்றுப் போனேன் சார்! சட்டசபைத் தேர்தலில் இல்லை. வால்பாறையில் நான் வேலை பார்த்த எஸ்டேட் ஆபீஸின் மனமகிழ் மன்றச் செயலாளர் தேர்தலில்! மன்றத்தின் மொத்தச் சொத்து இரண்டு கேரம் போர்டு, ஒரு டி.வி., வலை கிழிந்த ஷட்டில் கோர்ட். சிரிக்காதீர்கள்... தோற்றுப் பார்த்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ஜெயித்தவன் மறுநாளே என் மேஜைக்கு வந்தான். "நீதான்டா பொருளாளரா இருக்கணும்" என்றான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பிச்சை போடறியா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு விடவில்லை. டிரான்ஸ்ஃபர் கேட்டு மனு டைப் அடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் எங்கள் பழைய ஹெட் கிளார்க். ரிட்டயர் ஆகிப் பல வருஷம். "ஏனுங் தம்பி, மொகம் வாடிக் கெடக்குது?" என்றார். கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம பொள்ளாச்சிக்காரர் சி.எஸ். தோத்த கதை தெரியுமுங்களா?" என்றார்.

கவர்க்கல் பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கதையை ஆரம்பித்தார். பிற்பாடு லைப்ரரியில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1952 தேர்தல். சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். மெஜாரிட்டி இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ஆதரவு கொடுத்தார், மந்திரியும் ஆனார். 'கொல்லைப்புற வழி' என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன.

இதே நாடகம் அமெரிக்காவில் 1824-லேயே ஓடியிருக்கிறது! ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் ஓட்டு, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் மெஜாரிட்டி இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே சபாநாயகர் ஹென்றி கிளே ஆதரவோடு ஆடம்ஸ் ஜனாதிபதி! கிளேவுக்கு வெளியுறவு மந்திரி பதவி! 'ஊழல் பேரம்' என்று ஜாக்சன் ஆட்கள் நாலு வருஷமும் விடாமல் கத்தினார்கள். தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக் கூடம் என்று ஆடம்ஸ் போட்ட திட்டங்களைக் கேலி செய்தே கவிழ்த்தார்கள். 1828-ல் ஜாக்சன் ஜெயித்தார். அவர் பதவியேற்பு விழாவுக்கு ஆடம்ஸ் போகவே இல்லை!

நம் ஊருக்கு வருவோம். ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கி நல்ல பெயர் வாங்கினார். ஆனால் 1953-ல் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம் பற்றிக்கொண்டது. பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் போராட, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் உடல்நிலையைக் காரணம் சொல்லி ராஜாஜி விலகினார்.

அடுத்தது யார்? ஒரு பக்கம் காமராஜர். எதிரே ராஜாஜி ஆதரவோடு, பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி.சுப்பிரமணியம். முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41.

"அப்புறமென்ன, சி.எஸ். மூட்டை கட்டியிருப்பாரு!" என்றேன்.

"அதான் இல்லீங் தம்பி. தோத்தவரையும் முன்மொழிஞ்சவரையும் சேர்த்தே மந்திரி ஆக்கிட்டார் காமராசர்!"

மொத்தம் எட்டே பேர் கொண்ட மந்திரிசபை அது. சி.எஸ்.ஸுக்கு நிதி, கல்வி. அதிலும் ஒரு கசப்பு மருந்து இருந்தது. எந்தக் கல்வித் திட்டத்துக்காகச் சட்டசபையில் வாதாடினாரோ, அதே திட்டம் கைவிடப்படுகிறது என்று அவர் வாயாலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவித்தார். பின்னாடி மதிய உணவு வந்ததும் ஊரெல்லாம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவர் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில்தான்.

எல்லாரும் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். ராஜாஜி காங்கிரஸை விட்டுப் போய் 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரஸ் ஆட்சியையே இறக்கினார். காமராஜரே விருதுநகரில் தோற்றார். ஆனால் 1971 தேர்தலில் அதே இரண்டு பேரும் ஒரே அணி! மூன்று பேருக்குமே பாரத ரத்னா. ராஜாஜிக்கு 1954-ல், காமராஜருக்கு மறைவுக்குப் பின் 1976-ல், சி.எஸ்.ஸுக்கு 1998-ல்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. கீழே ஆழியாறு அணை வெயிலில் பளபளத்தது. பெரியவர் ஜன்னல் வழியே கையைக் காட்டினார்.

"சி.எஸ். ரோசப்பட்டு ஊட்லயே உக்கார்ந்திருந்தா, பி.ஏ.பி. தண்ணிக்காக அங்க பேசறதுக்கு நம்ம பக்கத்து ஆள் யாருங் இருந்திருப்பா?"

பி.ஏ.பி. என்றால் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். மேற்கே போய்க்கொண்டிருந்த மலைத் தண்ணீரை, எங்கள் வால்பாறை சோலையாறு உட்படப் பல அணைகளில் தேக்கி, சுரங்கம் குடைந்து பொள்ளாச்சி, உடுமலைக் காடுகளுக்குத் திருப்பிய திட்டம். காமராஜர் ஆட்சியில் உருவாகி, 1961-ல் நேரு தொடங்கி வைத்தது.

"கூப்பிடறவருக்குப் பெரிய மனசு வேணுமுங். போறவருக்கு அதைவிடப் பெருசா வேணுமுங்" என்றவர், ஆழியாறு ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்.

பொள்ளாச்சியில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸிலேயே மேலே ஏறினேன். திங்கட்கிழமை காலை ஜெயித்தவன் மேஜைக்கு நானே போனேன். நாக்கு எழவில்லை. அவன்தான் டிராயரைத் திறந்து கணக்கு நோட்டை நீட்டினான். முதல் பக்கத்தில் பொருளாளர் என்ற இடத்தில் யார் பெயரும் எழுதாமல் விட்டிருந்தான்.

வாங்கிக்கொண்டேன். முதல் செலவு, ஷட்டில் வலை!