கட்-ஆஃப் எண் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸில் கப்பல் பட்டறைகள் இருக்கின்றன, மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அக்கம்பக்கப் பள்ளி இல்லை. அங்கே வேலை பார்க்கும் குடும்பங்கள் பல பயனியர், பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகளில் குடியிருக்கின்றன. பள்ளிகளும் அங்கேதான், சில ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில். பிள்ளை தொடக்கநிலை ஆறுக்கு வந்ததும் உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடும் பேச்சு தொடங்குகிறது. தேநீர் ஆறுவதற்குள் அது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: அந்தப் பள்ளிக்குக் கட்-ஆஃப் எத்தனை? அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று நாம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் நான்கு பாடங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை தருகிறார்கள். 90-ம் அதற்கு மேலும் எடுத்தால் 1. 85 முதல் 89 வரை 2. இப்படியே இறங்கி 20-க்குக் கீழே போனால் 8. நான்கையும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஓர் எண் வரும். எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது. ஊரிலிருந்து போனில் கேட்கும் தாத்தா பாட்டிக்கு இதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

முடிவு வந்ததும் நாம் ஆறு பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதித் தருகிறோம். கல்வி அமைச்சின் கணினி, நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக இடம் ஒதுக்கிக்கொண்டே வருகிறது. ஒரு பள்ளியில் இடம் தீர்ந்த இடத்தில், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மதிப்பெண் எதுவோ அதுதான் அந்தப் பள்ளிக்கு அந்த ஆண்டின் கட்-ஆஃப்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். பள்ளி தன் தரத்தை யோசித்து முன்கூட்டியே வைத்த கோடு அது என்று நினைக்கிறோம். ஒரு கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். நூறு இலை போட்டிருக்கிறது, வயதில் மூத்தவர்களை முதலில் உட்கார வைக்கிறோம். நூறாவது இலையில் உட்கார்ந்தவருக்கு நாற்பது வயது. அதை வைத்துக்கொண்டு, இந்த மண்டபத்தில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று யாரும் சொல்ல மாட்டோம். வந்த கூட்டம் அப்படி, அவ்வளவுதான். சாம்பார் எப்படி இருந்தது என்பதையும் அந்த நாற்பது நமக்குச் சொல்லாது.

ஆக, கட்-ஆஃப் சொல்வது எத்தனை பேர் அந்தப் பள்ளிக்கு ஆசைப்பட்டார்கள் என்பதை. ஆசைக்குக் காரணங்கள் பல: எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், அண்ணன் அங்கே படித்தான், இசைக்குழு பெயர்பெற்றது. அடுத்த ஆண்டு கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். சென்ற ஆண்டின் எண் இந்த ஆண்டுக்கு வாக்குறுதி அல்ல.

எண்களுக்கு இடையிலான தூரமும் நம்மை ஏமாற்றும். ஒரு பள்ளிக்கு 14, பக்கத்துப் பள்ளிக்கு 16 என்றால் பெரிய இடைவெளி போலத் தோன்றும். கணிதத்தில் 85 எடுத்தால் அடைவுநிலை 2, 84 எடுத்தால் 3. அறிவியலிலும் அப்படியே. இரண்டு பாடத்தில் ஒவ்வொரு மதிப்பெண் குறைந்தாலே அந்த இரண்டு புள்ளி போய்விடும். மறுபுறம், 45 எடுத்தவருக்கும் 64 எடுத்தவருக்கும் ஒரே அடைவுநிலை 6 தான்.

சிங்கப்பூர் ஒரு காலத்தில் பள்ளிகளை வரிசைப்படுத்தியே பார்த்தது. 1992-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தரவரிசை வந்தது. 2004-இல் அது அடுக்குகளாகத் தளர்ந்தது. 2012-இல், ஹெங் சுவீ கியட் கல்வி அமைச்சராக இருந்தபோது, அதையும் எடுத்துவிட்டார்கள். வரிசை போன இடத்தில் பெற்றோர் கட்-ஆஃபை உட்கார வைத்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பள்ளிகள் நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபட்டவை அல்ல. அரசாங்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அமைச்சுதான் அனுப்புகிறது, பள்ளி முதல்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறது. பாடத்திட்டமும் பொது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் இல்லை. பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி முக்கியம்: அந்தப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு நடக்கிறதா? பூன் லேயில் உள்ள ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளி பலரும் ஏங்கும் பள்ளி. ஆனால் அது சீனமொழிக்கு முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. தமிழ் வகுப்பு இல்லாத பள்ளியில் சேரும் பிள்ளை, பள்ளி முடிந்த பிறகு லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ தமிழ் நடத்தும் வேறோர் இடத்துக்கோ போய் வர வேண்டும். மேற்குக் கோடியிலிருந்து பீட்டி ரோடு நெடுந்தூரம். பசியோடும் களைப்போடும் போய் உட்காரும் வகுப்பில் மொழி மேல் பிரியம் எப்படி வளரும் என்று பெற்றோர் யோசிக்கத்தான் வேண்டும். போகும் வழி, தமிழ் வகுப்பு, பிள்ளைக்குப் பிடித்த இணைப்பாட நடவடிக்கை: பள்ளியின் பொது வரவேற்பு நாளில் கேட்க வேண்டியவை இவை. கட்-ஆஃப் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது.

பிறகு அந்த ஆறு பெயர்களை எழுதும் வரிசை. ஒரே மதிப்பெண்ணோடு இரண்டு பிள்ளைகள் கடைசி இடத்துக்கு வந்தால், முதலில் குடியுரிமையைப் பார்ப்பார்கள். அடுத்து, பள்ளியை யார் முன்னால் எழுதினார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமானால் கணினிக் குலுக்கல். வீட்டுப் பக்கத்துப் பள்ளி மனத்துக்குப் பிடித்திருந்தும், எண் பெருமைப்படும்படி இல்லையே என்று அதை மூன்றாவதாக எழுதினோம் என்று வையுங்கள். கடைசி இடம் நம் பிள்ளையின் மதிப்பெண்ணில் வந்து முட்டினால், அதே மதிப்பெண்ணோடும் அதே குடியுரிமை நிலையோடும் அதை முதலாவதாக எழுதிய பிள்ளைக்கே இடம் போகும்.